திரும்பும் நேரத்துக்கு ஒலிக்கும் கடிகாரம்

வாசகர் கேள்வி: திண்டுக்கல்லில் வேலை பார்க்கிறேன். வயது 27. வனத்துறை அனுமதியோடு மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதைகளில் நண்பர்களோடு நடந்து பழக்கம். வரும் அக்டோபரில் உத்தராகண்டுக்கு முதல் இமயமலைப் பயணம். வழி தவறினாலோ, போன் அணைந்துவிட்டாலோ உதவக்கூடிய கைக்கடிகாரம் ஒன்று வாங்க வேண்டும். இருபதாயிரம் ரூபாய் வரை செலவழிக்கலாம். திசைகாட்டி, உயரமானி, காற்றழுத்தமானி மூன்றும் உள்ள கடிகாரமா, ஜிபிஎஸ் ஸ்மார்ட் வாட்சா என்று குழப்பம். அப்பாவோ, "தாத்தாவின் எச்எம்டி-யைக் கட்டிக்கொண்டு போ. பேட்டரி தொல்லை இல்லை, முள்ளை வைத்துத் திசையும் பார்க்கலாம்" என்கிறார். எதை வாங்கட்டும்?

பதில் அளிப்பவர், கோவையில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடை நடத்துபவர்; மலையேற்றக் குழுக்களுக்கு வழித்துணையாகவும் செல்பவர்.

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அப்பாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எச்எம்டி மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் தொடங்கிய தயாரிப்பு அது. அதன் ஜனதா, பைலட் மாடல்கள் இன்றைக்கும் சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் ஒழுங்காக ஓடும். ஆனால் அவற்றின் பின்மூடியும் குமிழும் ஓடைத் தண்ணீரை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. உள்ளே ரப்பர் வளையம் ஏதாவது இருந்திருந்தாலும் இத்தனை வருடத்தில் அது தூளாகியிருக்கும். தவிர, சாவி கொடுத்தால் ஒன்றரை நாள்தான் ஓடும். களைத்துப்போய்க் கூடாரத்தில் விழுந்த இரவில் மறந்துவிட்டால் மறுநாள் நின்றுவிடும். போன் அணைந்த பிறகு நின்ற கடிகாரத்தை எதைப் பார்த்துத் திருத்துவீர்கள்? குவார்ட்ஸ் கடிகாரத்தின் பேட்டரி இரண்டு மூன்று வருடம் வரும். சில மாடல்களில் பத்து வருடம். நீங்கள் மலையில் இருக்கப்போவதோ சில நாட்கள். பேட்டரியைப் பற்றிய பயம் போனுக்குப் பொருந்தும், கைக்கடிகாரத்துக்குப் பொருந்தாது. தாத்தாவின் கடிகாரத்தைக் கல்யாண வீடுகளுக்குக் கட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்தது முள்ளை வைத்துத் திசை பார்ப்பது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நம்பி முள் கடிகாரம் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். மணி முள்ளைச் சூரியனை நோக்கித் திருப்பு, அதற்கும் 12-க்கும் நடுவில் ஒரு கோட்டை நினைத்துக்கொள், அது தெற்கு. இதுதான் விதி. லண்டனிலோ பெர்லினிலோ இது ஓரளவு சரியாக வரும், ஏனென்றால் அங்கே நண்பகல் சூரியன் வருடம் முழுவதும் தெற்கில்தான் நிற்கிறது. திண்டுக்கல் இருப்பது ஏறத்தாழ 10.4 பாகை வட அட்சரேகையில். ஏப்ரல் நடுவில் நண்பகல் சூரியன் உங்கள் உச்சந்தலைக்கு மேல் வந்துவிடுகிறது. அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகலில் அது உங்களுக்கு வடக்கே இருக்கிறது. அந்த நான்கு மாதமும் உச்சி வேளையில் இந்த விதியைப் பின்பற்றினால் வடக்கைத் தெற்கு என்று நினைத்து நேர் எதிராக நடப்பீர்கள். மற்ற மாதங்களிலும் நிலைமை பெரிதாகத் தேறாது. நம் ஊர்ச் சூரியன் காலை முழுவதும் ஏறக்குறைய கிழக்குப் பக்கத்திலேயே மேலேறி, நண்பகலை ஒட்டி வேகமாக மேற்குப் பக்கம் மாறிவிடுகிறது. மணி முள்ளோ ஒரே சீராக நகர்கிறது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

உத்தராகண்டில், 30 பாகையை ஒட்டிய இடத்தில், அக்டோபரில் இந்த விதி பரவாயில்லை என்று சொல்லலாம், மேகம் இல்லாவிட்டால். ஆனால் நம் ஊர் மலைகளில் இதற்குப் பதில் குச்சி முறையைப் பழகுங்கள். சமதரையில் ஒரு குச்சியை நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். கால் மணி நேரம் கழித்து நிழல் நுனி நகர்ந்திருக்கும் இடத்தில் இன்னொரு கல். முதல் கல் மேற்குப் பக்கம், இரண்டாவது கிழக்குப் பக்கம். நடுப்பகலை ஒட்டிச் செய்தால் நன்றாக வரும். அதைவிட நல்லது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் தட்டையான திசைகாட்டி ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது.

அப்படியானால் ஆபத்து வேளையில் கடிகாரம் எதற்கு என்று கேட்பீர்கள். நேரத்தைத் தூரமாக மாற்றத்தான். வழி தவறியவரிடம் மீட்க வருகிறவர்கள் கேட்கும் முக்கியமான கேள்வி, "கடைசியாகத் தெரிந்த இடத்தை எத்தனை மணிக்குத் தாண்டினீர்கள்?" என்பது. பாலத்தைத் தாண்டியது 2.10, வழி தவறியது தெரிந்து நின்றது 2.35 என்று உங்களால் சொல்ல முடிந்தால், காட்டுப் பாதையில் 25 நிமிடத்தில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போயிருக்க மாட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். "கொஞ்ச நேரம் முன்னால்" என்று சொன்னால் தேட வேண்டிய காடு பல மடங்கு பெரிதாகிவிடும். ஆகவே ஒவ்வொரு ஓடை, கிளைப்பாதை, பெரிய பாறை தாண்டும்போதும் மணி பார்த்துக் குறித்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும்.

எத்தனை நேரமாகும் என்று முன்கூட்டியே கணிக்க ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 8 கிலோமீட்டர் தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதை என்றால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். இது திடமான உடம்புக்கும் தெளிவான பாதைக்கும் போட்ட கணக்கு. நம் சோலைக் காடுகளின் வேர்களிலும் வழுக்குப் பாறைகளிலும் நான் இதில் பாதியைக் கூட்டித்தான் வைத்துக்கொள்வேன்.

இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான் திரும்பும் நேரம். காலை 7 மணிக்குக் கிளம்பி மாலை 5-க்குள் அடிவாரம் வந்தாக வேண்டும் என்றால், 12 மணிக்குத் திரும்ப வேண்டும். உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்ப வேண்டும். எவரெஸ்டில் 1996 மே 10 அன்று பிற்பகல் 2 மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற பேச்சு இருந்தது. அதைத் தாண்டியும் பலர் உச்சியை நோக்கிப் போனார்கள். மாலையில் புயல் பிடித்துக்கொண்டது. எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்கள் கையில் இருந்தவை மட்டமான கடிகாரங்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நம் பக்கத்தில் பனிப்புயல் இல்லை, ஆனால் இருட்டு சீக்கிரம் விழுகிறது. சூரியன் மறைந்த அரை மணிக்குள் மரங்களுக்கு அடியில் பாதை தெரியாது. நவம்பரில் கோவைப் பக்கம் ஆறு மணிக்கே சூரியன் போய்விடும்; பள்ளத்தாக்கில் அதற்கும் முன்பே. யானை நடமாடும் நேரமும் அதுதான்.

வேறு சில உபயோகங்களும் உண்டு. மின்னல் தெரிந்து இடி கேட்க எத்தனை விநாடி என்று பாருங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் முகட்டிலிருந்து இறங்கிவிட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழியும்வரை மேலே ஏறக்கூடாது. குளோரின் மாத்திரை போட்ட தண்ணீருக்கு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். பாம்பு கடித்தால் கடித்த நேரத்தைக் குறியுங்கள்; வீக்கம் எதுவரை வந்திருக்கிறது என்று தோலில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணி எழுதுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி. கடித்தது கையில் என்றால் அந்தக் கையில் இருக்கும் கடிகாரத்தையும் மோதிரத்தையும் வீங்கும் முன்பே கழற்றிவிடுங்கள். கயிறு கட்டி இறுக்க வேண்டாம்.

உங்கள் அப்பாவை மகிழ்விக்க ஒரு தகவல். 1970 ஏப்ரலில் அப்போலோ 13 விண்கலம் பழுதாகித் திரும்பும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கருவிகளை அணைத்து வைத்திருந்தார்கள். பாதையைத் திருத்த எஞ்சினை 14 விநாடி இயக்க வேண்டியிருந்தபோது, விண்வெளி வீரர் ஜாக் ஸ்விகர்ட் தன் கையிலிருந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டரைப் பார்த்துத்தான் நேரம் எண்ணினார். அது சாவி கொடுக்கும் கடிகாரம். ஆனால் அந்தக் கலத்துக்குள் மழை பெய்யவில்லை.

இனி வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். என் மேசைக்குச் செத்து வரும் கடிகாரங்களில் பெரும்பாலானவற்றைக் கொன்றது தண்ணீரும் வியர்வையும்தான். கீழே விழுந்து உடைந்தவை அவற்றோடு ஒப்பிட்டால் குறைவு. டயலில் 30 மீட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்து 30 மீட்டர் ஆழம்வரை தாங்கும் என்று நினைக்காதீர்கள். அது ஆய்வகத்தில், புதுக் கடிகாரத்தை அசையாமல் வைத்து, அந்த ஆழத்துக்குரிய அழுத்தம் கொடுத்துப் பார்த்த எண். நடைமுறையில் 30 மீட்டர் என்றால் கை கழுவலாம், மழையில் சற்று நனையலாம். 100 மீட்டர் என்றால் ஆற்றில் நீந்தலாம். மலைக்கு 100 மீட்டருக்குக் குறைந்து வாங்காதீர்கள். 200 இருந்தால் நிம்மதி. ஐஎஸ்ஓ 6425 என்ற சர்வதேசத் தரத்தில் சோதித்த டைவர் (நீரில் மூழ்குவோருக்கான) கடிகாரங்களுக்கு எழுதியிருக்கும் ஆழத்தைவிடக் கால் பங்கு கூடுதல் அழுத்தம் கொடுத்துப் பார்த்திருப்பார்கள். இருட்டில் படிக்க முடிகிறதா என்பதும் அந்தச் சோதனையில் உண்டு.

இதைவிட முக்கியமானது பின்மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையம். 200 மீட்டர் கடிகாரத்தைப் பஸ் நிலையத்துப் பெட்டிக்கடையில் கொடுத்து செல் மாற்றினால், வளையம் முறுக்கிக்கொண்டோ கிள்ளப்பட்டோ உள்ளே போகும். அந்த நிமிடத்திலிருந்து அது சாதாரணக் கடிகாரம்தான். செல் மாற்றும்போது வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள், சிலிக்கோன் கிரீஸ் தடவச் சொல்லுங்கள், அழுத்தச் சோதனை செய்யும் கடையாகப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள கடிகாரத்தைச் சந்தேகப்பட்டால் ஒரு எளிய சோதனை இருக்கிறது: வெயிலில் நன்றாகச் சூடான கடிகாரத்தின் கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் ஈரம் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

திசைகாட்டி, உயரமானி, காற்றழுத்தமானி மூன்றும் உள்ள கடிகாரம் நல்ல கருவிதான். ஆனால் அதைப் படிக்கத் தெரியாதவர் கையில் அது அழகாகப் பொய் சொல்லும். அதன் உயரமானி உண்மையில் அளப்பது காற்றின் அழுத்தத்தை. நம்மைப் போன்ற வெப்பமண்டல ஊர்களில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது: காலை பத்து மணியை ஒட்டி உச்சம், மாலை நான்கு மணியை ஒட்டித் தாழ்வு, இரவிலும் அதேபோல் ஒரு சுற்று. ஏறக்குறைய 3 மில்லிபார் வித்தியாசம். ஆகவே நீங்கள் ஒரு பாறையில் காலையிலிருந்து மாலைவரை அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் 25 மீட்டர் ஏறிவிட்டதாகக் கடிகாரம் காட்டும். காற்றழுத்தமானியோ மாலையில் "இறங்குகிறது" என்று அம்புக்குறி போடும். புயல் வருகிறது என்று நீங்கள் கூடாரத்தை மடிப்பீர்கள். இமயமலையில் வரைபடத்தோடு சேர்த்து, உயரம் தெரிந்த ஒவ்வொரு இடத்திலும் எண்ணைத் திருத்திக்கொண்டு போனால் உயரமானி மிக உபயோகமானது. திசைகாட்டியையும் அவ்வப்போது சீராக்க வேண்டும், கையைத் தட்டையாகப் பிடிக்க வேண்டும், பையின் காந்தக் கொக்கிக்கும் போனுக்கும் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவையும் வீட்டுப் பக்கத்துக் குன்றில் பழகப் பொறுமை இருந்தால் வாங்குங்கள். முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜிபிஎஸ் வாட்ச் இருந்தால் எடுத்துப் போங்கள். நடந்து வந்த வழியே திரும்பிப் போகக் காட்டும் வசதி அருமை. ஆனால் ஜிபிஎஸ் ஓட ஓட பல மாடல்கள் ஓரிரு நாளில் ஓய்ந்துவிடும், குளிரில் இன்னும் சீக்கிரம். ஓய்ந்த பிறகு அது நேரத்தைக்கூடச் சொல்லாது. ஆகவே அது இரண்டாவது கருவிதான். இன்னொன்று: செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளை இந்தியாவில் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். வெளிநாட்டிலிருந்து நண்பர் யாராவது வாங்கி அனுப்புகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள்.

என் தேர்வு, சூரிய ஒளியில் சார்ஜ் ஏறும், 200 மீட்டர் தாங்கும், டிஜிட்டல் ஜி-ஷாக். மாடல் பெயரில் 5600 என்ற எண் உள்ள சதுர வடிவம் போதும். 1983-இல் கேசியோவின் பொறியாளர் இபே கிகுவோ 10 மீட்டரிலிருந்து விழுந்தாலும் உடையாமல், 10 பார் (100 மீட்டர் ஆழத்துக்குரிய) அழுத்தம் தாங்கி, பேட்டரி 10 வருடம் வர வேண்டும் என்று இலக்கு வைத்து உருவாக்கிய கடிகாரத்தின் வாரிசு அது. முழுதாகச் சார்ஜ் ஏறினால் வெளிச்சமே படாமல் பல மாதம் ஓடும். டிஜிட்டலைச் சொல்வதற்கு ஒரே காரணம் அலாரம். உச்சியை நெருங்கும் உற்சாகத்தில் யாரும் மணி பார்ப்பதில்லை. 12 மணிக்கு அது தானாக ஒலித்தால் குழுவில் எல்லோருக்கும் கேட்கும், பிறகு விவாதம் சுலபம். மணிக்கொரு முறை ஒலிப்பதை மட்டும் அணைத்துவிடுங்கள், பறவை பார்க்க வந்தவர்களின் சாபம் வேண்டாம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும் மாடல் பார்க்க மிடுக்காக இருக்கும். அந்தி வெளிச்சத்தில் படிக்க முடியாது. வெளிர் திரையில் கறுப்பு எழுத்துள்ளதையே வாங்குங்கள்.

அலுவலகத்துக்கும் அதையே கட்ட வேண்டும், முள்தான் பிடிக்கும் என்றால் சிட்டிசனின் ஈக்கோ-டிரைவ் டைவர் கடிகாரம் ஒன்றைப் பாருங்கள். அதுவும் ஒளியில் ஓடுவது. டயலைச் சுற்றியுள்ள சுழல் வளையத்தின் முக்கோணத்தைத் திரும்பும் நிமிடத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். உங்கள் நண்பர்களில் கையிருப்பு குறைந்தவர்களுக்கு கேசியோவின் டபிள்யூ-800எச் போதும்: 100 மீட்டர், பத்து வருட பேட்டரி, விலை சில ஆயிரத்துக்குள்.

பட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை. தோல் பட்டை வியர்வையில் அழுகும். ரெசின் என்னும் பிளாஸ்டிக் பட்டை சில வருட வெயிலில் விரிசல் விடும். பழைய கடிகாரமென்றால் வளைத்துப் பாருங்கள். கடிகாரங்கள் தொலைவது பெரும்பாலும் பட்டையைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பி துருப்பிடித்து உடைவதால்தான். இரண்டு கம்பிகளுக்கும் அடியில் ஒரே துண்டாக நுழையும் நைலான் பட்டை என்றால் ஒரு கம்பி போனாலும் கடிகாரம் கையிலேயே இருக்கும். சதுர ஜி-ஷாக்கில் அதைப் போட இணைப்புத் துண்டு வேண்டும். டைவர் கடிகாரத்தில் நேரடியாகவே போடலாம். பாராசூட் கயிறு பின்னிய பட்டை வேண்டவே வேண்டாம். நனைந்தால் நாள் முழுக்க ஈரம், அவிழ்த்தாலோ கடிகாரம் கட்ட வழியில்லை. கயிறு வேண்டுமென்றால் கயிற்றைத் தனியாக எடுத்துப் போங்கள்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, தினமும் கட்டிப் பழகுங்கள். அலாரம் வைப்பது, விளக்குப் போடுவது, நேரம் எண்ணுவது மூன்றையும் இருட்டில், கையுறை போட்டபடி செய்து பாருங்கள். உத்தராகண்டின் குளிரில் டிஜிட்டல் எழுத்துகள் மெதுவாக மாறுவதுபோலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள், தோலை ஒட்டி வைத்தால் சரியாகிவிடும். இரவில் கழற்றிக் கூடாரத்தின் மூலையில் போடாதீர்கள்.

இவ்வளவும் வாங்கினால் உங்கள் இருபதாயிரத்தில் மீதம் இருக்கும். அதில் ஒரு நல்ல தலைவிளக்கும், திசைகாட்டியும், விசிலும் வாங்கிவிடுங்கள். மலையில் உதவி கேட்கும் அடையாளம் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதுவது, பிறகு ஒரு நிமிடம் நிறுத்துவது, மறுபடி ஆறு முறை. பதில் நிமிடத்துக்கு மூன்று முறை வரும். பதில் கேட்ட பிறகும் அவர்கள் உங்களை வந்தடையும்வரை, கடிகாரத்தைப் பார்த்து அதே இடைவெளியில் ஊதிக்கொண்டே இருங்கள்.